விருமாண்டி இறுக்கிய போல்ட்டுகள்

கோரிப்பாளையத்தில் லாரி வேலை பார்க்கிறவர்களிடம் விருமாண்டி மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். எப்பேர்ப்பட்ட துருப்பிடித்த போல்ட்டையும் கழற்றிவிடுவார். அவர் மாட்டிய போல்ட்டை அவரைத் தவிர வேறு யாராலும் கழற்ற முடியாது.

செல்லூரில் அவர் வீட்டிலும் இதே கதைதான். கொல்லைப்புறக் குழாயைக் காலையில் மூடிவிட்டு அவர் பட்டறைக்குக் கிளம்பினால், சாயங்காலம் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் தண்ணீர் கிடையாது. பெண்டாட்டி அன்னக்கொடி அதற்குப் பயந்தே விடிந்ததும் எல்லாக் குடத்தையும் பிடித்து வைத்துவிடுவாள். ஊறுகாய் பாட்டிலை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்தாள். ஒரு தடவை அவர் மூடிய பாட்டிலை உடைத்துத்தான் திறந்தார்கள். கண்ணாடித் தூளுக்குப் பயந்து ஊறுகாயையும் கொட்டினார்கள்.

ஊரார் இதைப் பலம் என்று நினைத்தார்கள். உண்மையில் அது பயம். இளவட்ட வயதில் விருமாண்டி ஒரு லாரிக்கு முன்சக்கரம் மாட்டிக் கொடுத்தார். செக்கானூரணி தாண்டியதும் நட்டுகள் கழன்று, சக்கரம் லாரியை முந்திக்கொண்டு போய் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. லாரி வயலுக்குள் இறங்கிக் கவிழ்ந்தது. டிரைவர் முத்திருளனுக்கு இடது கால் உதவாமல் போய்விட்டது.

முத்திருளன் பிறகு பட்டறைக்கு எதிரிலேயே டீக்கடை போட்டார். விருமாண்டி மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் டீ கிளாஸோடு அவர் காலை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டால் போதும், விருமாண்டி கையில் எந்த ஸ்பேனர் இருந்தாலும் அது அரைச் சுற்றுக் கூடுதலாகப் போகும். அப்படியும் மனசு ஆறாவிட்டால் ஸ்பேனரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகி இழுப்பார். இந்தக் காலத்து லாரிகள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டன.

ஜனகராஜின் லாரி பொறுக்கவில்லை.

ஜனகராஜ் சிம்மக்கல் பக்கம் நூல் வியாபாரம் செய்கிற சௌராஷ்டிரக்காரர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பெட்ரோல் லாரி, வருஷக்கணக்காகக் குடோனில் கோழி அடையக் கிடந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஒருநாள் கிழவருக்கு அதன் ஞாபகம் வந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், "வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைத்தார். பொறுக்கமாட்டாமல் ஜனகராஜ் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து விருமாண்டியிடம் விட்டார்.

இஞ்சின் உள்வேலை முழுக்கப் பிரமாதமாக முடிந்தது. கடைசியில் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை வைத்து போல்ட் இறுக்கும்போதுதான் முதல் போல்ட் முறிந்தது. அந்த அளவு மரை போட்ட போல்ட் இப்போது கடையில் கிடையாது. லேத்தில் கடைந்து வாங்கிப் போட்டார்கள். அந்த இரும்பு இழுவைக்கு நிற்காமல் நீண்டுகொடுத்தது. எம்புட்டு இறுக்கினால் போதும் என்று முள் காட்டுகிற ஸ்பேனர் ஒன்றை ஜனகராஜ் இரவல் வாங்கி வந்தார். விருமாண்டி முள்ளைப் பார்த்துவிட்டு, "இது கம்மியாக் காட்டுது மொதலாளி" என்று சொல்லி இழுத்தார். இன்னொன்று முறிந்தது. ஜனகராஜ் தன் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். விருமாண்டிக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனாலும் புரிந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து ஜனகராஜ் ஒரு செட் போல்ட் கொண்டு வந்தார். அதற்குமேல் எங்கேயும் இல்லை.

"விருமாண்டிண்ணே, இதுல ஒண்ணு முறிஞ்சாலும் வண்டிய எடைக்குப் போட்டுருவேன். எங்கப்பாவுக்கு நீங்களே வந்து பதில் சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம் அன்னக்கொடி சோற்றுத் தூக்கோடு வந்தபோது, விருமாண்டி போல்ட்டுகளைத் துணியில் பரப்பி வைத்து எதிரே உட்கார்ந்திருந்தார். ஒன்றைக்கூட மாட்டியிருக்கவில்லை.

"என்னய்யா, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒக்காந்திருக்க?"

"பயமா இருக்கு புள்ள. விட்டா லூசாயிரும், இழுத்தா முறிஞ்சிரும். எங்கன நிறுத்துறதுன்னே எனக்குத் தெரியலை."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்னக்கொடிக்குப் பாவமாக இருந்தது. ஒரு கிரீஸ் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ இழு. நான் சொல்றப்ப நிறுத்து."

"இஞ்சினப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"இஞ்சினப் பத்தி எனக்கெதுக்கு? ஒன்னையப் பத்தித் தெரியும்."

அவள் போல்ட்டைப் பார்க்கவே இல்லை. அவர் கழுத்தைப் பார்த்தாள். நரம்பு புடைத்ததும், "போதும்" என்றாள். விருமாண்டி நிறுத்தினார். நடுவிலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஒவ்வொன்றாக இறுக்கினார். பாதியில் முத்திருளன் காலை இழுத்துக்கொண்டு டீயோடு வந்தார். விருமாண்டியின் கை அதுவாகவே பைப்பைத் தேடிப் போனது.

"போதும்னேன்ல!"

கை திரும்பி வந்தது. ஒரு போல்ட்டும் முறியவில்லை. சாயங்காலம் வண்டி புகையாகக் கக்கி, இருமி, ஸ்டார்ட் ஆனது. கிழவரிடம் போய்ச் சொன்னார்கள். "சரி, ஹாரன் அடிக்குதா?" என்று கேட்டார்.

முதல் ஓட்டம் அழகர்கோவிலுக்கு என்று ஜனகராஜ் வேண்டியிருந்தார். அன்னக்கொடி ஒரு சாவுக்குப் போகவேண்டியிருந்ததால் வரவில்லை. கிளம்புகிற நேரத்தில் முத்திருளன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கம்பியைப் பிடித்து, உதவாத காலைக் கையால் தூக்கிப் போட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். செக்கானூரணிக்குப் பிறகு அவர் எந்த லாரியிலும் ஏறியதில்லை. விருமாண்டி திரும்பப் பட்டறைக்குள் போய், அந்தப் பைப்பை எடுத்து வந்து சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டார்.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஜனகராஜ் தேங்காய்ப் பையோடு கோவிலுக்குப் போனார். புது வேலை முடித்த இஞ்சின் ஒரு தடவை சூடேறி ஆறினால் ஹெட் போல்ட்டை இன்னொரு தரம் இறுக்கிப் பார்க்கவேண்டும், அதுதான் முறை. இஞ்சின் ஆறும்வரை காத்திருந்துவிட்டு, விருமாண்டி பானெட்டைத் தூக்கி ஸ்பேனரை வைத்தார். சீட்டுக்கு அடியில் பைப் கிடந்தது. முத்திருளன் இறங்கி, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு சுற்றி வந்தார்.

விருமாண்டி கொஞ்சம் இழுத்தார். கழுத்தில் என்னவோ ஏறுவது அவருக்கே தெரிந்தது.

"போதும்" என்றார் வாய்விட்டு.

"யாருகிட்டய்யா பேசுற?" என்றார் முத்திருளன்.

"போல்ட்டுகிட்ட."

"சரியா இறுக்கிட்டேல்ல?"

"இறுக்கிட்டேன் முத்திருளா."

முத்திருளன் பழையபடி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. பைப் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் குடத்தோடு கொல்லைக்குப் போன அன்னக்கொடி, குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வாஷர் போய்விட்டது என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். இரண்டு விரலுக்குத் திரும்பியது. திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். அப்புறம் வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏய்யா, ஒரு குழாயக்கூட ஒழுங்கா மூடத் தெரியாதா ஒனக்கு? ராவெல்லாம் தண்ணி போயிருக்கு!"

விருமாண்டி பாயில் படுத்தபடியே அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது. எழுந்து போகவில்லை.