குளத்துக்குள் கிடந்த முள்

ஐம்பதுகளின் கடைசியில் அகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, குளக்கரையைச் சுற்றித் தனியாக நடக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றியதும் குளத்துக்குள்ளேயே குறுக்கே நடப்பேன். டவுன்காரிக்கு அதில் ஒரு பெருமை வேறு. நடுவே ஓரிடத்தில் கருவேல முள் கிடக்கும். யாரோ விறகுக்கு வெட்டிப் போட்டது என்று நினைத்து விலகிப் போவேன்.

பள்ளியில் கத்தரிச் செடி வைத்திருந்தோம். ஆடு மேயாமலிருக்க முள்வேலி வேண்டும் என்றேன். மறுநாளே பிள்ளைகள் ஆளுக்கொரு கிளையை இழுத்து வந்துவிட்டார்கள். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை குளத்தில் முள் இல்லை. நேரே போனேன். மேலே வெடித்துக் காய்ந்த மண்தான். நாலடி வைத்ததும் முழங்கால் வரை இறங்கியது. ஒரு காலை இழுத்தால் மறுகால் இன்னும் ஆழமாகப் போனது. இடுப்பளவு ஆனபோது செருப்பும் குடையும் போயிருந்தன. கத்தினேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அப்படியொரு பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, துள்ளாதீங்க! அப்படியே குப்புறப் படுங்க!"

படுத்தேன். அவர் கெட்டித் தரையில் நின்று, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் துரட்டிக் கம்பை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி ஊர்ந்து வந்து சேர்ந்தேன்.

"மேல காஞ்சாலும் இங்கன அடியில சேறு காயாது. தெரியாத ஆளு மிதிச்சிரக் கூடாதுன்னுதான் வருசா வருசம் முள்ளு வெட்டிப் போடுறேன். அம்புட்டையும் எந்தப் பாவி எடுத்தான்?"

எந்தப் பாவி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வெட்கம்தான் காரணம்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனதும் வேலியைப் பிரித்தேன். முள்ளை நானே இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் சுற்றிப் போட்டேன்.

இரண்டே நாளில் கத்தரிச் செடி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த அம்மா பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"எங்க ஆடுதான் டீச்சரம்மா, மன்னிச்சுக்கங்க. வேலி இருக்குன்னு நம்பி விட்டுட்டேன். அதை எந்தப் பாவி பிரிச்சான்?"

அவர் பார்வை முள் கீறிய என் கைகளில் வந்து நின்றது.

"ரெண்டு பாவியும் நான்தான்" என்றேன்.