கப்பல் ஏறிடுச்சு, கப்பல் எறங்கிடுச்சு

1. காலையில் வந்த செய்தி

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். அடியில் குனிந்து முனிரத்தினம் அண்ணன் உள்ளே வந்துவிட்டார்.

"மணி, கப்பல் எறங்கிப் போச்சுடா."

கப்பல் முழுகிவிட்டது என்று நினைத்தேன். எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன்.

"போனவன் நான் ஒருத்தன்தான்" என்று பேப்பரை மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

விளம்பரம். சிங்கப்பூர் உல்லாசக் கப்பல். அவர் புக் செய்த அதே கப்பல், அதே தேதி. கட்டணம் மட்டும் குறைவு.

அவருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காயலான் கடை. ஃபேக்டரிகளில் பழைய இரும்பு எடுத்து ரோலிங் மில்லுக்கு அனுப்புவார். அந்தத் தொழிலில் விலை கூடினால் கம்பி ஏறிடுச்சு என்பார்கள். குறைந்தால் எறங்கிடுச்சு. அதே பழக்கத்தில் கப்பலையும் இறக்கிவிட்டார்.

நான் எட்டாவது ஃபெயில். கரீம் பாய் டிராவல்ஸில் டிக்கெட் போடுகிற வேலை. வடநாட்டு ஆட்களுக்கு ரயில், கல்ஃப் போகிறவர்களுக்கு விமானம். இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகுதான் கப்பல் விற்கலாம் என்று சென்னைக் கம்பெனி ஒன்று போஸ்டர் அனுப்பியது. சுவரில் ஓதம் தெரிந்த இடத்தில் பாய் அதை ஒட்டினார். ஓதத்தை மறைக்கத்தான் ஒட்டினார். விற்கும் எண்ணம் இல்லை.

திருப்பதி பஸ் கேட்க வந்த முனிரத்தினம் அண்ணன் சம்சாரம் சரோஜா அக்கா அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றது.

"இதுக்கும் இங்க டிக்கெட் தராங்களா?"

பாய்க்கே தெரியாது. "தருவோம்மா" என்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அக்கா திருப்பதியும் பெரியபாளையமும் தவிர எங்கும் போனதில்லை. எப்போது கேட்டாலும் அண்ணன், "ரேட் ஏறட்டும், போலாம்" என்பார். இந்தத் தடவை அக்கா விடவில்லை. முன்பணம் கட்ட வைத்துவிட்டது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. பெட்டி வாங்கியாயிற்று. கடலில் குளிரும் என்று ஸ்வெட்டரும் வாங்கியாயிற்று.

இப்போது கப்பல் இறங்கிவிட்டது.

2. இரும்பும் எறாவும்

சென்னை ஆபீஸில் ஷீலா மேடம். போன் போட்டேன். அந்தம்மா பொறுமையாகச் சொன்னது. கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் அந்தத் தேதிக்குக் கிளம்பும். காலியாகப் போன ரூமுக்கு அப்புறம் காசு வராது. அதனால் ரூம் விற்காமல் நின்றால் இறக்குவார்கள். மளமளவென்று விற்றால் ஏற்றுவார்கள். முழுப் பணம் கட்ட ஒரு கடைசித் தேதி உண்டு. அது வருகிறபோது பலர் கேன்சல் செய்வார்கள். அந்த ரூம்கள் திரும்பி வரும். அப்போதும் இறங்கலாம்.

அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு ஏறவில்லை.

"விக்கலன்னா யார்டுல போட்டு வையி. ஏறும்போது வித்துக்கோ. அவன் இன்னாத்துக்கு எறக்குறான்? அப்ப கப்பல்ல எங்கியோ ஓட்ட கீது."

பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு, இறால் பிடிக்கிற ஊர். டீயை வைத்துவிட்டுச் சொன்னார். "முனிரத்தினம், உன்னுது இரும்பு. பத்து வருசம் கெடந்தாலும் இரும்புதான். இது எறா. ஐஸ் கரையறதுக்குள்ள வித்தாவணும். கரைஞ்சப்புறம் பூனைக்குத்தான்."

அண்ணன் யோசித்தார். "அப்ப நான் ஐஸ் இருக்கும்போதே வாங்கிட்டனா?"

"ஆமா."

"என்னை ஏமாத்திட்டியே பாய்."

ஏமாற்றவில்லை. கடைசித் தேதிக்கு முன்னால் கட்டணம் குறைந்தால், கேட்டால் நம் புக்கிங்கையும் குறைத்துத் தருவார்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். நான் கேட்டேன். ஷீலா மேடம் குறைத்துவிட்டது. அண்ணன் கடைக்கே போண்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் போண்டா பெரிய பேஜாராகப் போனது.

3. தினம் காலை

மறுநாளிலிருந்து கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்.

"கப்பல் இன்னா சொல்லுது?"

நான் போன் போட வேண்டும். ஏற்றம் இறக்கம் சொல்ல வேண்டும். அவர் டீக்கடைக்குப் போய் அறிவிப்பார். கொஞ்ச நாளில் மில்லுக்கு லோடு ஏற்றும் லாரி டிரைவர்கள்கூட என்னை நிறுத்திக் கேட்டார்கள். "மணி, கம்பி ஏறிச்சு. கப்பல்?" அவர்களில் ஒருவரும் கப்பலைப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு நாள் நன்றாக ஏறிவிட்டது. அண்ணன் ஓடி வந்தார்.

"வித்துடு."

"எதண்ணே?"

"ரூமத்தான். நாம எறக்கத்துல புடிச்சோம். இப்ப ஏறிடுச்சு. வித்துட்டு, எறங்கும்போது வேற புடிக்கலாம்."

"டிக்கெட் உங்க பேர்ல, அக்கா பேர்ல கீது. விக்க முடியாது."

"பேர மாத்து. பேரு இன்னா, வெல்டிங் வச்சா ஒட்டிக்கினு கீது?"

பாய் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அப்புறம் மறுபடி இறங்கியது. மறுபடி குறைத்து வாங்கினோம். இந்தத் தடவை போண்டா இல்லை. அண்ணன் முகத்தில் வேறு கணக்கு ஓடியது.

4. கடைசித் தேதி

அன்று சாயந்திரத்துக்குள் முழுப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ரூம் போய்விடும். அண்ணன் காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பையில் கை போகவே இல்லை.

"நைனா, யோசிச்சுப் பாரு. இன்னிக்குக் கடைசி. நெறைய பேரு கழண்டுக்குவான். நாளைக்கு கப்பல் பாதாளத்துக்கு எறங்கும். நம்முதையும் வுட்டுடு. நாளைக்கு அள்ளிக்கலாம்."

ஷீலா மேடத்திடம் கேட்டேன். "நாலஞ்சு ரூம்தான் இருக்கு மணி. ஒரு கம்பெனி மொத்தமா கேக்குறாங்க. அவங்க எடுத்துட்டா ஒண்ணும் இருக்காது" என்றது.

அதைச் சொன்னேன்.

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. மில்லுக்காரனும் என்கிட்ட அப்பிடித்தான் சொல்றான்."

பாய் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மதியம் சாப்பாடு அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார். மூன்று மணி. நான்கு மணி. எனக்கு அக்காவின் ஸ்வெட்டர்தான் ஞாபகம் வந்தது. கும்மிடிப்பூண்டி வெயிலில் அதை வேறு எங்கே போடுவது.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அக்கா இறங்கியது. கையில் மஞ்சள் பை. நேராக வந்து பையை என் மேஜையில் வைத்தது.

"கட்டு மணி."

அண்ணன் எழுந்துவிட்டார். "ஏது டப்பு?"

"யார்டுல பாய்லர் தகடு கெடந்துதில்ல. வித்துட்டேன். மில்லு லாரி வந்துச்சு, ஏத்திக்கினு போடான்னுட்டேன்."

"அது பொங்கல்லருந்து வச்சிருந்தேன் சரோஜா. நாளைக்கு ஏறும்."

"நீ இங்க ஒக்காந்துகினு கப்பல் எறங்கும்னு காத்துக்கினு கீற. அங்க தகடு ஏறும்னு காத்துக்கினு கீற. தெருவுல போனா, இன்னும் கப்பல் ஏறலியான்னு கேக்குறாங்க. என் மானம் மட்டுந்தான்யா இதுவரிக்கும் கப்பலேறிக் கீது. நான் எப்ப ஏறுறது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன்.

"கட்டு" என்றார்.

கட்டினேன்.

5. ஜன்னல்

மறுநாள் கப்பல் ஏறியது. அண்ணன் வந்து என் தோளைத் தட்டினார். இரண்டு நாள் கழித்து இறங்கியது. ரொம்பவே இறங்கியது. மொத்தமாகக் கேட்ட கம்பெனி வேண்டாம் என்று விட்டதாம். அண்ணன் வந்து என் மேஜையைத் தட்டினார்.

முழுப் பணம் கட்டியபின் திருப்பித் தரமாட்டார்கள். ஆனாலும் ஷீலா மேடத்திடம் கெஞ்சினேன். காலி ரூம் இருப்பதால், அதே காசுக்கு ஜன்னல் வைத்த ரூம் மாற்றித் தருகிறேன் என்றது.

"ஜன்னல் இன்னாத்துக்கு? டப்பு குடுக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

அக்கா போனை வாங்கி, "ஜன்னலே குடும்மா" என்று வைத்துவிட்டது.

பாய்லர் தகடும் அடுத்த வாரம் ஏறியது. அதை அக்காவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

போய்விட்டு வந்தார்கள். அண்ணன் வந்து கதை சொன்னார். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருத்தரையும் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டாராம். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லையாம். குறைவாகக் கொடுத்தவரைப் பார்த்தபின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதிகமாகக் கொடுத்தவர் ஒருவர் கிடைத்ததும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாராம். மற்ற நேரம் கப்பல் சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். "நல்ல தகடு மணி. ஒடச்சா எவ்ளோ தேறும். பழசானா சொல்லுன்னு கேப்டனாண்ட கார்டு குடுத்துட்டு வந்தேன்."

அக்காவிடம் கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஜன்னலாண்டயே ஒக்காந்துகினு இருந்தேன் மணி. கடலு ஏறுது, எறங்குது. யாரும் ரேட் கேக்கல."

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கட்டும்வரை ரேட்டைத் தினமும் பாருங்கள். குறைந்தால் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அது நம் வேலை. கட்டியபின் கஸ்டமர் கடைக்கு வந்தால் பேப்பரை எடுத்து ஒளித்து வையுங்கள். அதுவும் நம் வேலைதான்.