எரிமலையை முகர்ந்து பார்க்கிறவள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. கோயில் கார் தரிப்பிடத்தில் வாகனப் பூசை நடந்துகொண்டிருந்தது. பளபளவென்று புதுக் கார்கள்... சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய்கள். வரிசையின் கடைசியில் எங்கள் பழைய வான். அதன் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என் கணவர் பவ்வியமாக நிற்கிறார். உள்ளே ஒரு மஞ்சள் பெட்டி.

ஐயர் வந்தார். வானைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"உது என்ன?"

"மகளின்ரை மெஷின், ஐயா. எரிமலைக்குப் போகுது."

ஐயர் கொஞ்சமும் அசரவில்லை. ரொறன்ரோவில் பூசை செய்கிறவர் எதைத்தான் பார்த்திருக்க மாட்டார்? "முகம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

இவர் ஒரு கணம் யோசித்தார். பெட்டியின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு துவாரம் இருந்தது. "இந்தப் பக்கம்தான்" என்று காட்டினார்.

முதலில் கற்பூரம் காட்டினார். பிறகு விபூதிப் பூச்சு, தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். தேங்காயும் உடைத்தாயிற்று. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். தடுத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. புதுச் சாமான் ஒன்றைப் பூசை செய்யாமல் பிள்ளையோடு அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை.

இந்த இதழில் நான் எழுதும் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மகள் ஆரணி புதியவள் அல்ல. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் பிறந்தவள். இரசாயனவியல் படித்தவள். எரிமலைகள் விடும் மூச்சை அளப்பது அவளுடைய வேலை.

மூச்சா? மூச்சேதான். மலை நெருப்பைக் கக்குவதற்கு முன்பே அதன் உள்ளிருந்து வாயுக்கள் வந்துகொண்டிருக்கும். இரண்டு முக்கியமானவை. ஒன்று காபனீரொட்சைட்டு — நாம் வெளியே விடுகிற அதே வாயு. மற்றது கந்தகப் புகை. ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு புதிதாக மேலே கிளம்பும்போது முதலில் கழன்று வருவது காபனீரொட்சைட்டு. கந்தகம் பிறகுதான், குழம்பு மேலே நெருங்கிய பின். ஆகவே கந்தகத்தோடு ஒப்பிடும்போது காபனீரொட்சைட்டு திடீரென்று கூடினால், கீழே ஏதோ புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இதை அவள் எனக்கு ஒரு சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்து காட்டி விளக்கினாள். பாதி சோடா என் சீலையில்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன். கலியாண வீட்டில் ஒரு அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளைக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கேல்லையோ?" என்றார்.

இந்த வாயுக்களை முகர்ந்து அளக்கிற மஞ்சள் பெட்டி போகவேண்டிய இடம் மத்திய அமெரிக்காவில் ஒரு மலை. சரிவெல்லாம் கோப்பித் தோட்டங்கள், அடிவாரத்தில் ஊர்கள். மலையின் வாய் விளிம்பில் வைத்திருந்த பழைய பெட்டியை அமிலப் புகை தின்றுவிட்டது. திருகாணி முதற்கொண்டு மிச்சமில்லை. மலையோ சில வாரங்களாக உறுமுகிறது. நில அதிர்வுக் கருவிகள் அங்கே இருக்கின்றன. அவை உறுமலைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. மேல் தோட்டங்களுக்குச் சனத்தை விடுவதா, மறிப்பதா? கோப்பி பழுக்கும் காலம் வேறு.

பயணத்துக்கு முன் ஓடவிட்டுப் பார்ப்பதற்காகப் புதுப் பெட்டியை ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் வைத்திருந்தாள் ஆரணி. "ஒருத்தரும் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு மலைச் சப்பாத்து வாங்கப் போனாள். அந்த இடைவெளியில்தான் எங்கள் கோயில் பயணம். பிள்ளை ஏசுவாள் என்று, வரும் வழியிலேயே பூசின எல்லாவற்றையும் துடைத்துவிட்டோம். துடைத்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

பின்னேரம் சமையலறை மேசையில் கடைசிச் சோதனை. குழாய் வழியாகச் சோதனை வாயுவை விட்டாள். பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு தரம். ஊஹும்.

அடுத்த நாள் விமானம். பெட்டி ஓடாவிட்டால் பயணம் இல்லை. பயணம் இல்லாவிட்டால் அந்தச் சனத்துக்கு எச்சரிக்கையும் இல்லை. இவர் பிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுகிறார். நான் கறிவேப்பிலை ஆய்கிறேன்.

அவள் மடிக்கணினியைப் பெட்டியில் இணைத்தாள். காலையிலிருந்து பெட்டி முகர்ந்த காற்றெல்லாம் ஒரு கோடாகத் திரையில் விரிந்தது. விரலை வைத்து மெல்ல நகர்ந்தாள்.

"இது கராஜ். நோர்மல். இதிலை... கார் புகை. விட்டு விட்டு வருது. ஏதோ லைன்ல நிண்டிருக்கு." விரல் நின்றது. "இதிலை சம்திங் பேர்னிங். வெரி க்ளோஸ். அதுக்குப் பிறகு டெட்."

கதிரையைத் திருப்பினாள்.

"அப்பா... கோயிலுக்கோ கொண்டுபோனீங்கள்?"

எரிமலையே இவளிடம் தப்பவில்லை. இவர் எங்கே தப்புவது?

"சின்னப் பூசை ஒண்டுதான், பிள்ளை. ஐயர் முகம் எது எண்டு கேட்டவர்..."

ஆரணி துவாரத்தின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த வடிகட்டி முழுக்கச் சந்தனம்.

"மூக்கை அடைச்சுப்போட்டு மூச்செடு எண்டால் அது என்னண்டு எடுக்கும், அப்பா?"

ஏசப்போகிறாள் என்று பார்த்தேன். சிரித்தாள். சிரித்தபடியே புது வடிகட்டி ஒன்றை மாற்றினாள். வாயு உள்ளே போனது, கோடு செங்குத்தாக எழுந்தது. இவர் அதன் பிறகுதான் பிரிட்ஜை விட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கோ அந்த இடத்தில் பெருமை பொங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு பெட்டி முகர்ந்த காற்றை வைத்தே அது போன இடம், நின்ற வரிசை, கொளுத்திய கற்பூரம் எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தாளே... தாய் தகப்பனின் முகத்தை வாசிக்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. காற்றை வாசிக்கிற பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

போனாள். முகமூடி போட்டுக்கொண்டு ஏறி, மலையின் விளிம்பில் பெட்டியைப் பூட்டினாள். படம் அனுப்பினாள் — சாம்பல் தரை, மஞ்சள் பெட்டி, அவளுடைய கட்டைவிரல். அந்த விரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாள் அமைதி. பிறகு ஒரு மத்தியானம் அழைத்தாள். குரலில் விளையாட்டு இல்லை.

"அம்மா, ரேஷியோ ஏறுது. காபன் கூடிக்கொண்டே போகுது. நாளைக்கு மீற்றிங். தோட்டக்காரர் மேலை போகவேணும் எண்டு கேக்கினம்."

"நீ என்ன சொல்லப்போறாய்?"

"போகவேண்டாம் எண்டு."

"நீ சொல்லுறது பிழையாப் போனால்?"

"பிழைச்சால் அவையின்ரை கோப்பி மரத்திலையே அழுகும். என்னை ஏசுவினம். ஏசட்டும், அம்மா. ஏசுறதுக்கு ஆக்கள் இருப்பினம்தானே."



அங்குள்ள கண்காணிப்பு நிலையத்தின் தலைவி ஆரணியின் அளவுகளைப் பார்த்து, மேலே போகும் பாதையை மூடினார். தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆண்டு முழுவதும் பாடுபட்ட பயிர். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பழங்கள் உதிரத் தொடங்கினவாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஓம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டாள் ஆரணி.

இங்கே என் சமையலில் உப்பு ஒரு நாளும் சரியாக அமையவில்லை. மலை வெடிக்கக்கூடாது என்று கும்பிட்டால், என் பிள்ளை சொன்னது பிழையாகிவிடும். வெடிக்கட்டும் என்று கும்பிட ஒரு தாய்க்கு வாய் வருமா? கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு நாள் காலை, சனம் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், மலை வெடித்தது. பெரிய வெடிப்பு அல்ல. சூடான கல்லும் சாம்பலும் மேல் தோட்டங்களில் வந்து கொட்டின. கோப்பி மரங்கள் கருகின, ஒரு கொட்டிலின் கூரை போய்விட்டது. அந்த நேரத்தில் அங்கே பழம் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியவர்கள் கீழே ஊரில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆரணி அழைத்தாள். முதலில் அழுதாள். பிறகு, "எவ்ரிபடி இஸ் டவுன், அம்மா. எல்லாரும் கீழை நிக்கினம்" என்றாள். இவர் என்னிடமிருந்து போனைப் பறித்தார். "பிள்ளை..." என்று தொடங்கினார். உடனே என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

அன்று முழுவதும் செய்தி பார்த்தோம். ஆங்கிலத் தொலைக்காட்சி, தமிழ் வானொலி, இவருடைய வட்ஸ்அப் குழுக்கள்... ஒன்றிலும் இல்லை. இருக்காதுதான். செத்தால் எண்ணிச் சொல்வார்கள். ஒரு மலையடிவாரத்தில் எல்லாரும் வழக்கம்போலப் பகல் சாப்பாடு சாப்பிட்டார்கள் என்பதை யார் செய்தியாகப் போடுவார்கள்?

நான் போடுகிறேன்.