குகையடியில் கூப்பிட்ட இடாப்பு

துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிக் கமலாசனி ரீச்சர் பஸ்ஸால் வந்து இறங்கியபோது, கூடவே ஒரு றங்குப்பெட்டியும் ஒரு சைக்கிளும் இறங்கின. பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. சேலை கட்டிய மனுஷி சைக்கிள் ஓடுவதா!

"யாழ்ப்பாணத்து ரீச்சர். நுளம்பு ரெண்டு கடி கடிச்சால் அடுத்த பஸ்ஸிலை ஏறிப் போடுவா" என்று தேத்தண்ணிக் கடை வாசலில் பேசிக்கொண்டார்கள். நுளம்பு கடித்தது. காய்ச்சலும் வந்தது, ஒருமுறையல்ல, மூன்று முறை. ரீச்சர் போகவில்லை. ஆறு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றிலும் அங்கேயே இருந்தார். சைக்கிளுக்குத்தான் ரயர் மூன்று தரம் மாற்றவேண்டி வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷிக்கு இருந்த பிடிவாதம் ஊரில் எந்த ஆம்பிளைக்கும் இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகளை மறித்து வீட்டில் வைப்பது அங்கே எழுதாத சட்டம். ரீச்சர் தகப்பன்மாரைத் தேடி வீட்டுக்குப் போனால், அவர்கள் பின்பக்கத்தால் நழுவிவிடுவார்கள். ஆகவே சூடு மிதிக்கிற களத்துக்குப் போனார். நெல் தூற்றிக்கொண்டிருக்கிற மனிதன் எங்கே ஓடுவான்? தூசி முகத்தில் அடிக்க அடிக்க அங்கேயே நின்று, "சொல்லுங்கோ அண்ணை, பிள்ளையை எப்ப அனுப்புறியள்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தொல்லை தாங்காமல் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் எட்டாம் வகுப்பில் இருந்த ஏழு பெண்பிள்ளைகள்.

கடைசியாகத் தலையாட்டியவர் சிற்றம்பலம். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனிதர். மூன்று ஏக்கர் வயல், ஊர் கூடினால் முதல் வார்த்தை அவருடையது. மகள் அருந்ததியை அனுப்பும்போதே அவர் சொல்லிவிட்டார்: "பள்ளிக்கூடத்தாலை இவளுக்கு ஒரு சொல் வந்துதெண்டால், அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவன் ரீச்சர். பிறகு என்னட்டை வந்து நிக்கக்கூடாது." அவர் நிறுத்தினால் மற்ற ஆறு பேரின் தகப்பன்மாரும் நிறுத்துவார்கள். அது ரீச்சருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அந்தப் புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, சரித்திர பாடத்துக்காக ஏழு பேரையும் காட்டுக்குள்ளே கூட்டிப் போக ரீச்சர் ஏற்பாடு செய்தார். உள்ளே ஒரு பாறைக் குகை, அதன் நெற்றியில் பழங்காலத்து எழுத்து வெட்டியிருக்கிறது என்று கேள்வி. வழிகாட்ட, ஊரார் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுகிற ஜமால்தீன் ஒத்துக்கொண்டார். காணாமல்போன மாடுகளைத் தேடி வருஷக்கணக்காக அந்தக் காடெல்லாம் திரிந்த மனிதர். விடியப் போய்ப் பொழுதுபட முன் திரும்புவது என்று பேச்சு.

போனதெல்லாம் நன்றாகத்தான் போனார்கள். இடையில் ஒரு ஓடை, கணுக்காலளவு தண்ணீர், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தாண்டினார்கள். குகையில் எழுத்தும் இருந்தது. ஒவ்வொருத்தியாக அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்கள். கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டு முடித்த நேரம் வானம் இருண்டது. பிறகு பெய்ததை மழை என்று சொல்வதா, என்னவென்று சொல்வது!

திரும்பி வந்தால், ஓடை இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஜமால்தீன் தடியை ஊன்றி இறங்கினார். இடுப்பளவு. தடியின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு அருந்ததி பின்னால் இறங்கினாள். மூன்றாவது எட்டில் கால் வழுக்கியது. அவர் எட்டித் தலைமயிரைப் பிடித்து இழுத்திராவிட்டால் பிள்ளை போயிருக்கும். தோளில் கிடந்த துணிப்பை போயே போய்விட்டது.

"போதும் நானா. ஏறுங்கோ" என்றார் ரீச்சர்.

"இண்டைக்குக் கடக்கேலாது ரீச்சர். விடியத்தான் வத்தும். கயிறு கட்டிப் பாக்கலாம், ஆனால் நான் பொறுப்புச் சொல்லமாட்டன்."

ஏழு பெண்பிள்ளைகள், ஒரு இரவு, காடு. ஊர்வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆறு வருஷம் தூசி தின்று சேர்த்த பிள்ளைகள். திங்கட்கிழமை வகுப்பில் அவர்கள் இருக்கிற வாங்கு வெறுமையாகக் கிடக்கும். கிடக்கட்டும், பிள்ளைகள் உயிரோடு வீட்டிலாவது இருப்பார்கள். "குகைக்கே போவம்" என்றார்.

உள்ளே கரடி இல்லையென்று உறுதிசெய்ய ஜமால்தீன் முதலில் கல்லெறிந்து பார்த்தார், பிறகு கொள்ளிக்கட்டையோடு தானே புகுந்து பார்த்தார். காய்ந்த சுள்ளிகளைக் குகைக்குள்ளிருந்தே பொறுக்கி வாசலில் நெருப்பு மூட்டினார். பிள்ளைகள் உள்ளே போனதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, நெருப்புக்கு வெளிப்புறமாக, குகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூறலில் குந்தினார்.

"உள்ளுக்கு வாங்கோ நானா, நனையிறியள்."

"விடியும்வரைக்கும் நான் இஞ்சைதான். நாளைக்கு ஆரும் கேட்டால், நான் வெளியிலைதான் இருந்தனானெண்டு நீங்கள் நெஞ்சை நிமித்திச் சொல்லவேணும்." அந்தப் பெரிய மனம் எத்தனை பேருக்கு வரும்?

நன்றாக இருட்டிய பிறகு ஓடைப் பக்கமிருந்து கூப்பாடு கேட்டது. குகைவாய் மற்றப் பக்கம் பார்த்திருந்தபடியால் இவர்களுடைய நெருப்பு அக்கரைக்குத் தெரியாது. ரீச்சர் ஓடைக்கு மேலேயிருந்த பாறை விளிம்புக்கு ஓடிப் பார்த்தார். அக்கரையில் லாந்தர் வெளிச்சங்கள். தகப்பன்மார்!

"இருக்கிறம்! எல்லாரும் சுகமாய் இருக்கிறம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"பொய் சொல்லாதேங்கோ!" சிற்றம்பலத்தின் குரல். "பிள்ளையின்ரை பை கீழை பத்தையிலை கிடந்துது! என்ரை பிள்ளை எங்கை? அருந்ததி! எணை அருந்ததி!"

"கூப்பிடுறன் அண்ணை, பொறுங்கோ!" ரீச்சர் பிள்ளைகளைப் பாறை விளிம்புக்கு அழைத்து வந்தார். அக்கரையில் தகப்பன்மார் பெயர் சொல்லி அழைத்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பெயரும் வந்தன. ஏழு பேரும் கல்லுப்போல நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"என்னடி பிள்ளையள், பதில் சொல்லுங்கோவன்!"

அருந்ததி ரீச்சரின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: "ஏலாது ரீச்சர். இரவிலை காட்டுக்குள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது காடேறிப் பேய். பதில் சொன்னால் பின்னாலை வந்திடும்."

"அது உன்ரை அப்பாவின்ரை குரலெல்லோ?"

"அப்பாதான் சொன்னவர். தன்ரை குரல் மாதிரியே கேட்டாலும் வாய் திறக்கக்கூடாதெண்டு."

நல்லாயிருக்கிறது! சொல்லிக் கொடுத்தவர் அக்கரையில் நின்று நெஞ்சிலடிக்கிறார், சொற்கேட்ட பிள்ளை இக்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. ரீச்சர் கெஞ்சினார், அதட்டினார். பிள்ளைகள் அழுதார்களே தவிர வாய் திறக்கவில்லை. அக்கரையில் ஆரோ "தண்ணிக்குள்ளை இறங்காதை சிற்றம்பலம், விடு, விடு!" என்று கத்தினார்கள். அந்த மனிதன் இறங்கப் போகிறான்! இறங்கினால் பிணம்தான்.

ரீச்சருக்கு அப்போதுதான் அது தோன்றியது. தினமும் காலையில் வரவு பதிகிற இடாப்பு பள்ளிக்கூட அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. இருந்தாலென்ன, பெயர்கள் வரிசையாக நாக்கில் இருந்தன. நிமிர்ந்து நின்று, வகுப்புக் குரலை எடுத்தார்.

"எட்டாம் வகுப்பு, இடாப்புக் கூப்பிடுறன். அருந்ததி சிற்றம்பலம்!"

அருந்ததி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிவனேஸ்வரி!"

"பிரசன்ட், ரீச்சர்!" பழக்கம், வாயிலிருந்து தானாகப் பாய்ந்தது.

"கடைசி வாங்கிலையிருந்து முணுமுணுக்காதை. தலைமை ஆசிரியருக்குக் கேட்கவேணும்!"

"பிரசன்ட் ரீச்சர்!" காடே அதிர்ந்தது. அக்கரையில் கூச்சல் சட்டென்று நின்றது. ஜெகதீஸ்வரி, பத்மாசனி, விமலேஸ்வரி, ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குரல் ஓடையைத் தாண்டிப் போனது. கூப்பிடுவது ரீச்சர்; ரீச்சர் காடேறி ஆக முடியாதுதானே! ஆறு பேர் முடிந்தது. ஆறுதான்.

"அருந்ததி சிற்றம்பலம்!" பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டியது.

"அருந்ததி சிற்றம்பலம். ஆப்சன்ட் போடட்டோ?"

"ஐயோ, போடாதேங்கோ ரீச்சர்!" பிள்ளை வீரிட்டாள். "ஒருநாளும் நான் ஆப்சன்ட் இல்லை! பிரசன்ட் ரீச்சர்! பிரசன்ட்!"

அக்கரையிலிருந்து ஒரு ஆம்பிளை விம்மி அழுகிற சத்தம் கேட்டது. ஊர்க்கூட்டத்தில் முதல் வார்த்தை பேசுகிற மனிதர், ஊரார் நடுவில் வெட்கமில்லாமல் அழுதார். பிறகு அவருடைய குரல் வந்தது, தணிந்து.

"ரீச்சர்... குறை நினைக்காதேங்கோ. இன்னொருக்கால் கூப்பிடுங்கோ."

இன்னொருக்கால் கூப்பிட்டார். அதற்குப் பிறகு மணிக்கு ஒரு தரம் அக்கரையிலிருந்து "ரீச்சர்!" என்று சத்தம் வரும், இங்கே ஏழு பெயரும் ஏழு பதிலும் போகும். விடியற்புறத்தில் பிள்ளைகள் பாதி நித்திரையில் பதில் சொன்னார்கள். ரீச்சருக்குத் தொண்டை கட்டி வெறுங்காற்றுத்தான் வந்தது. ஜமால்தீன் பெயர்களைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிவிட்டிருந்தார். குகைக்கு முதுகைக் காட்டியபடியே கடைசி இரண்டு தரமும் ரீச்சருக்குப் பதிலாக அவர்தான் உரத்துக் கூப்பிட்டார்.

விடிந்து வெளித்ததும் தண்ணீர் வடிந்தது. தகப்பன்மார் முழங்காலளவு தண்ணீரில் தாண்டி வந்தார்கள். சிற்றம்பலம் மகளின் தலையைத் தடவினார். சாக்குக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற ஜமால்தீனைப் பார்த்தார், தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார். பிறகு ரீச்சருக்கு முன்னால் வந்து நின்றார். மற்றவர்கள் அவருடைய வாயையே பார்த்தார்கள். ரீச்சர், வருவது வரட்டும் என்று நிமிர்ந்து நின்றார்.

"ராத்திரிக் கூப்பிட்ட வரவை இடாப்பிலை பதிவியளோ ரீச்சர்?"

"பதியேலாது அண்ணை" என்றார் ரீச்சர், இல்லாத குரலில். "சனிக்கிழமை. பள்ளிக்கூட நாளில்லை."

சிற்றம்பலம் மற்றத் தகப்பன்மாரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப திங்கட்கிழமை பதியுங்கோ. ஏழு பேரும் வருவினம்."