சுந்தரியின் கோழிக்குச் சாயம் அடித்தது யார்?

ஆம்பூர் தோல் ஃபேக்டரி ஒன்றில் கோதண்டபாணி சாயப் பிரிவு மாஸ்டர். மிஞ்சுகிற சாயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் அடித்துவிடுவார். கேட், முக்காலி, ஒருமுறை மாமனாரின் செருப்பு. அதனால், இறகு உதிர்ந்து முளைத்த மண்நிறப் பெட்டைக்கோழிக்குக் கழுத்தில் பொன்னிறமும், வாலில் கரும்பச்சை மினுக்கும், தலையில் செக்கச்செவேலென்ற கொண்டையும் வந்தபோது, அவர் மனைவி சுந்தரி வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்ச என் கோழிய? முட்டைகூட வெக்க மாட்டேங்குது!"

"சத்தியமா நான் தொடவே இல்ல சுந்தரி."

அன்றிலிருந்து சோறு வந்தது, பேச்சு வரவில்லை. பாவம், மனிதர் எதையும் தாங்குவார்; அவள் பேசாமல் இருப்பதை மட்டும் தாங்கமாட்டார். கோழியைப் பிடித்து, ஃபேக்டரியில் தோலைச் சோதிப்பதுபோல வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தார். துணியில் ஒரு பொட்டு நிறம் ஒட்டவில்லை.

"பாத்தியா? ஒட்டலையே!"

"எப்படி ஒட்டும்? நீ அடிச்ச சாயம் என்னிக்குப் போயிருக்கு?"

இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பெயரே காலை வாரிவிட்டது. வேறு வழியில்லாமல் கோழியைப் பையில் போட்டு, இருவரும் கால்நடை டாக்டர் சைராவிடம் போனார்கள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "இதோட சினைப்பை கெட்டுப்போச்சும்மா. சேவல் பெட்டைய மயக்குறதுக்குப் போட்டுக்கிற பகட்டு இறகு, பெட்டைக்கும் வர வேண்டியதுதான். சினைப்பையில சுரக்கிற ஹார்மோன் அதை அடக்கி வெச்சிருக்கும். அது நின்னா, புதுசா முளைக்கிற இறகுல நிறமியே மாறிடும். கொண்டை சிவக்கிறது ஆண் ஹார்மோன் வேலை. உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல."

வண்டியில் திரும்பும் வழியெல்லாம் கோதண்டபாணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பூரணியக்கா காத்திருந்தாள். "பொட்டக்கோழி சேவலா மாறுனா குடும்பத்துக்கு ஆகாது சுந்தரி. இன்னிக்கே அறுத்துடு. நான் நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன்."

சுந்தரி குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த கோழி. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாறவெல்லாம் இல்லக்கா. இவர் அடிச்ச சாயம்."

கோதண்டபாணி மனைவியின் கண்ணைப் பார்த்தார்.

"ஆமாக்கா, நான்தான்."

அந்த நேரம் பார்த்துப் பைக்குள்ளிருந்து நீளமாக ஒரு கூவல் கிளம்பியது. பூரணியக்கா திடுக்கிட்டுப் பையைப் பார்த்தாள்.

"அதுவும் நான்தான்," என்றார் கோதண்டபாணி.