என் முத்திரை போட்ட சைலன்ஸர்

மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்க்குச் சைலன்ஸர் என்று பெயர் வைத்த புண்ணியவான் எங்கள் கடைக்கு ஒருநாள் வந்திருந்தால், அங்கேயே மூர்ச்சை போட்டு விழுந்திருப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லி கரோல்பாக்கில், குர்மீத் சிங் என்ற வெல்டரும் நானும் சேர்ந்து அந்தக் கடையை நடத்தினோம். கம்பெனி மாட்டி அனுப்பிய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேஸ் வண்டி மாதிரி உறுமுகிற குழாயை மாட்டிக்கொடுப்பது எங்கள் வேலை. இரும்புக் குழாய்க்குள் மணலை அடைத்து, சூடு காட்டி வளைப்போம். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. நாங்கள் குடியிருந்த கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அப்பாவுடைய சக குமாஸ்தாக்களின் பிள்ளைகளெல்லாம் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக் கல்யாணமும் முடித்துவிட்டார்கள். எனக்கு முப்பத்தொன்று. பெண் கொடுக்க ஆளில்லை. கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இந்தத் துக்கம் தெரியும், உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை.

வாயால் ஓடிய வண்டி

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு என்ன வேண்டும் என்பது நன்றாகத் தெரியும், சொல்லத்தான் தெரியாது. ஆகவே வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் வந்து நடுத்தெருவில் நின்றுகொண்டு, கன்னம் உப்ப, "டுப்... டுப்... டுப்..." என்றான். குர்மீத் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். "இல்லை, இன்னும் அடித்தொண்டையிலிருந்து" என்றான் பையன். நான் முயன்றேன். "இது டிராக்டர்" என்று தள்ளிவிட்டான்.

கால்மணி நேரம் மூன்று ஆண்பிள்ளைகள் நட்டநடுத் தெருவில் உறுமிக்கொண்டு நின்றோம். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"அரே பாயி, வண்டி எதுக்கு? மூணு பேரும் இப்படியே நடந்து போங்க, ஊரே வழி விடும்."

ஜப்பான் எழுத்து

செய்த குழாய் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்துவது எங்கள் தெரு வழக்கம். என் பெயர் பழனி என்பதால் முதலில் இங்கிலீஷில் 'பி' குத்தினேன். ஒரே வாரத்தில் மூன்று கடை தள்ளியிருந்தவனும் 'பி' குத்த ஆரம்பித்துவிட்டான், அவன் பெயர் சுரேஷ்! ஹிந்திக்கு மாறினேன். அதையும் காப்பியடித்தான். கோபம் தலைக்கேறி, உளியை எடுத்து என் கையாலேயே தமிழில் 'ழ' வெட்டினேன். பெயரின் நடு எழுத்து. சுரேஷும் விடாமல் முயன்று பார்த்தான். ஜிலேபிதான் வந்தது.

வந்தவர்களெல்லாம் இது என்ன குறி என்று கேட்டார்கள். தமிழ் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குர்மீத் முந்திக்கொண்டு, ஜப்பான் எழுத்து என்று அடித்துவிட்டான். நானும் மறுக்கவில்லை. கொள்முதல் இல்லாமல் கிடைத்த மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்? காலேஜ் மாணவன் ஒருவன் அந்த 'ழ'வை விரலால் தடவிப் பார்த்து நண்பனிடம் சொன்னான்:

"பார்த்தாலே தெரியுதேடா, அசல் ஜப்பான் சரக்கு!"

ஜனக்புரியில் ஒரு காபி

கடைசியில் ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் பெயர் செல்வி, டைப்பிஸ்ட், டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சங்கரலிங்கம் திருநெல்வேலிக்காரர், பாங்கில் ஹெட் கேஷியர், ஜனக்புரியில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பாவோடு போனேன். பையன் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான் என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள். எதற்கு ஒர்க்ஷாப் என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. காபி கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருந்தது. பால் டிப்போவில் தினமும் தான்தான் முதல் ஆள் என்று சங்கரலிங்கம் பெருமையாகச் சொன்னார். செல்வியை ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தேன். இவள்தான் என்று தோன்றிவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டில் ஒரு வண்டி கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெற்ற பிள்ளையின் அழுகை தகப்பனுக்குத் தெரியாதா? என் குழாய். போன வருஷம் விக்கி என்கிற பையனுக்கு மாட்டியது. சங்கரலிங்கத்தின் முகம் சிவந்தது. "தெனம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு மண்டிக்குக் காய்கறி எடுக்கப் போறான், தம்பி. ரெண்டு தெருவே முழிச்சுக்கிடுது. கொழாய் மேல 'ழ'ன்னு ஒரு எழுத்து வெட்டிக் கெடக்கு. நம்மாளு எவனோதான் செஞ்சிருக்கான். ஆப்பிடட்டும், அவன் கைய ஒடிக்காம விடமாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். காலி டம்ளரை எடுக்கக் குனிந்த செல்வி என் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்:

"உங்க பேர் பழனிதானே? அந்த லெட்டர் அதுல வருதில்ல?"

கேஷியரின் கண்

மகள் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கே அந்தச் சாமர்த்தியம் இருந்தது. மறுநாள் பாங்கில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மாப்பிள்ளைப் பையனின் ஒர்க்ஷாப் எப்படியிருக்கிறது என்று பார்க்க வந்தார். வாசலில் வரிசையாகத் தொங்கிய குழாய்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பாங்க் சலானை எடுத்துப் பிரித்தார். அதன் முதுகில் பென்சிலால் தேய்த்து எடுத்த ஒரு 'ழ'. விக்கியின் வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்திருக்கிறார்! செக்கும் கையெழுத்தும் சரிபார்க்கிற மாதிரி, சலானை ஒவ்வொரு குழாயோடும் ஒட்டிவைத்துப் பார்த்தார்.

குர்மீத் வழக்கப்படி ஜப்பான் கதையை ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன். சங்கரலிங்கம் சலானை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பாங்க் கவுன்ட்டரில் பேசுகிற குரலில் சொன்னார்:

"வார ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு நான் வாசல்ல நிப்பேன். அந்தப் பய வண்டிச் சத்தம் எங்காதுல விழுந்துச்சு, பொண்ணு கெடையாது. கேட்டீரா?"

மேம்பாலம்

விக்கியிடம் போய்க் கெஞ்சினேன். குழாயை இனாமாக மாற்றித்தருகிறேன் என்றேன். மீசையை உருவிக்கொண்டு முடியாது என்றான். அந்தச் சத்தம் கேட்டால்தான் மண்டியில் இவனுக்கு வழி கிடைக்கிறதாம்.

இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கம்பெனிக் குழாயின் உள்ளே துளை போட்ட இன்னொரு குழாய் இருக்கும். சத்தத்தை அடக்குவது அதுதான். நாங்கள் வைப்பதில்லை. வெற்றுக்குழாயாக விட்டால் சத்தம் ஏறும், ஆனால் மெதுவாகப் போகும்போது இழுவை குறையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன். கேட்டவன் சத்தம்தானே கேட்டான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து, உள்குழாய் வைத்து, சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, புதிதாக ஒன்று செய்தேன். விக்கியைப் புது மேம்பாலத்துக்கு அழைத்துப்போனேன். மூட்டை மாதிரி குர்மீத்தைப் பின்னால் ஏற்றி, கியர் மாற்றாமல் மெதுவாக மேலே ஏறு என்றேன். பழைய குழாயில் வண்டி பாதி ஏற்றத்தில் இருமிக்கொண்டு நின்றது. அங்கேயே, சாலையோரத்தில், புதுக் குழாயை மாட்டினேன். குர்மீத்தையும் சுமந்துகொண்டு அலுங்காமல் ஏறி அந்தப்பக்கம் போய்விட்டது. விக்கி திரும்பி வந்து இறங்கினான்.

"சச் போலோ பாயி, உண்மையைச் சொல்லு, போன வருஷம் எனக்குச் சத்தத்தை வித்தியா, சீக்கை வித்தியா?"

அதைக் கேட்டபோது உடம்பு கூசியது. ஆனாலும் சொல்கிறேன், அவன் அந்தப் புதுக் குழாயைக் கழற்றவில்லை.

மாமனார் கேட்ட சத்தம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சங்கரலிங்கம் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். விக்கியின் வண்டி பூனை மாதிரி அவரைத் தாண்டிப் போனது. தை மாதம் கல்யாணம். குர்மீத் சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து பந்தியில் மூன்று தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாமனார் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. செல்வியோடு ஏதாவது தகராறோ, அவள் ஏதாவது சொல்லிவிட்டாளோ என்று நினைத்தேன். குர்மீத்தை டீக்கு அனுப்பிவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. குழாய்களைப் பார்த்துக்கொண்டே மெல்ல விஷயத்துக்கு வந்தார். ஒரு வருஷமாக அவரை ஐந்து மணிக்கு எழுப்பிப் பால் டிப்போவில் முதல் ஆளாக நிறுத்தியது விக்கியின் வண்டிதானாம். இப்போது கண்விழிக்க ஆறரை ஆகிவிடுகிறது. போனால் பால் தீர்ந்திருக்கிறது. தினமும் பவுடர் பால் காபி. அலாரம் வைத்தால் தூக்கத்திலேயே அதன் தலையில் தட்டி நிறுத்திவிடுகிறாராம்.

"எவ்வளவு சத்தம் வேணும் மாமா?" என்று கேட்டேன்.

இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தார். டீக்கடைக்காரர் பார்ப்பதை அவர் கவனிக்கவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, ஹெட் கேஷியர் சங்கரலிங்கம் வாயால் சொல்லிக் காட்டினார்:

"டுப்... டுப்... டுப்... இம்புட்டுப் போதும் மாப்ளே, எங்க வீட்டு ஜன்னலோட நின்னுக்கிடணும்."

சத்தமே ஆகாது என்கிற மனுஷனை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை, அளவு சொல்லத் தெரியாமல் கோபித்துக்கொள்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.