நாற்காலி மாட்டியவர்

என் கணவர் வளைகுடாவில் ஒரு கால்பந்து மைதானத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் உலகக் கோப்பை நடக்கப்போகிறது என்று ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். போன வாரம் வீடியோ காலில் மண்மேடாகத் தெரிந்த இடத்தில் இந்த வாரம் மரம் நிற்கும். “எங்கேருந்துங்க மரம் வந்துச்சு?” என்றால், “லாரியில வந்துச்சு” என்பார். பந்தை உதைப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மலைக்கோட்டைச் சந்தில் உட்கார்ந்துகொண்டு நான் முழிப்பேன்.

போட்டி தொடங்கச் சில வாரம் இருக்கும்போது திடீரென்று ஊருக்கு வருவதாகச் சொன்னார். வளைகுடாக்காரர் வீடுகளில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் பெட்டியை இறக்குவதற்குள் “எப்ப திரும்பப் போறீங்க?” என்று கேட்டுவிடுவோம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. லீவு தெரிந்தால்தானே கல்யாணம், ஆஸ்பத்திரி, வீட்டு ரிப்பேர் எல்லாவற்றையும் அதற்குள் அடக்க முடியும்? நானும் ஏர்போர்ட் வாசலிலேயே கேட்டுத் தொலைத்தேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. “ஊரு ரெடியாயிடுச்சு. வேலை பாத்தவங்க எல்லாரும் கிளம்புங்கன்னுட்டாங்க. மேட்ச் முடிஞ்சா கூப்பிடுவாங்களாம். பாப்போம்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கள் வீட்டு நிக்காஹ்வுக்குப் பந்தல் போட்டவர் சாப்பிடாமல் கிளம்பினால் மாமியார் சண்டைக்குப் போவார். அங்கே விருந்தாளி வருகிற நேரம் பார்த்து வீட்டைக் கட்டியவர்களை வெளியே அனுப்புகிறார்களே!

அதைவிடப் பெரிய குழப்பம் வீட்டுக்குள் இருந்தது. இவர் லீவில் வந்திருக்கிறாரா, ஒரேயடியாக வந்துவிட்டாரா? லீவில் வந்தவருக்குத் தினமும் கறி ஆக்கலாம். தங்கிவிட்டவருக்கு என்ன ஆக்குவது? ரசம் வைத்தால் மனசு நோகுமோ என்று பயம். கறி வாங்கினால் கையிருப்பு கரையுமே என்று பயம். பகலில் அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு முந்தானையைச் சரி செய்யத் தோன்றும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவரோடு வாழ்ந்ததெல்லாம் லீவு லீவாகத்தான். கூடவே இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆள் தேவை என்று என் தம்பி சொல்ல, போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “எல்லாம் பிளாஸ்டிக் சேரு. நம்பர் கிடையாது. யாரு வேணா எங்க வேணா உக்காருறாங்க” என்று ஒரு பெரிய அநியாயத்தைக் கண்டவர் மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

போட்டி தொடங்கியதும் தம்பியும் அவன் சிநேகிதர்களும் எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடினார்கள். “மச்சான், நீங்க எந்த டீம்?” இவருக்கு எந்த டீமும் தெரியாது. ஆட்டத்தையும் பார்க்கவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் போனால் மட்டும் டிவிக்குள் தலையை விடுவார். கடைசியில் என்னிடம் வந்து, “ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. எல்லாத்து மேலயும் ஆளு உக்காந்துருக்கு” என்றார். நாற்காலி என்றால் ஆள் உட்காரத்தானே செய்யும்?

போட்டி முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். கம்பெனிக்காரர், நம் பக்கத்து ஆள்தான். “மைதானத்துல பாதி சேரைக் கழட்டி வேற நாட்டுக்கு அனுப்புறோம். கழட்ட ஆளு வேணும். விசா போடவா?”

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “என்ன சொல்லட்டும்?”

முதல் தடவை போனபோது மாமனார் முடிவு செய்தார். அப்புறம் கடன் முடிவு செய்தது, அப்புறம் பிள்ளைகளின் படிப்பு. என்னை யாரும் கேட்டதில்லை. போயிட்டு வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பையனின் காலேஜ் பீஸ் கண் முன்னால் நின்றது.

“போகாதீங்க” என்றேன்.

அவர் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுப் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இல்ல சார். வீட்ல வேணாங்குறாங்க.”